கல்லாவில் அமர்ந்தவருக்கு எடைக்கல் பயிற்சி

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று தினசரிக் காலண்டரில் அச்சிட்டு, புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்பவர்கள் நாம். அந்தக் காலண்டர் தொங்கும் கடைக்குள்ளேயே காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து, இரவு பத்து மணிக்கு எழுந்திருப்பவர்களும் நாம்தான். திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் என்று இந்த வட்டாரத்தில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும், நாற்பதைத் தாண்டிய முதலாளிக்கு வேட்டி மடிப்புக்கு மேலே ஒரு தொப்பை இருப்பதைப் பார்க்கலாம். கொஞ்சம் வசதி வந்துவிட்டது என்று சிரித்துவிட்டுப் போகும் விஷயமாக அது இனி இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருப்பதாகவும் அந்த ஆய்வு கணக்கிட்டது. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நாட்டில் 39.5 சதவீதம். அதாவது ஐந்து பேரில் இருவர்.

பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போனால் இ.எஸ்.ஐ. இருக்கிறது. கடைக்காரருக்கு அது இல்லை. வணிகர் நல வாரியத்தில் குடும்ப நல உதவி உண்டு. ஆனால் அது நாம் போன பிறகு வீட்டுக்கு வருவது. முதலாளி பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஷட்டர் இறங்கிவிடுகிறது. பாக்கி வசூல் நிற்கிறது. கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் பழகிவிடுகிறார். எனவே தொப்பையைக் குறைப்பது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. தொழிலைக் காப்பாற்றும் வேலை.

வங்காளத்துச் சணல் ஆலையில் கண்டது

நம்மைப் போன்ற கடைக்காரர்களையே வைத்து நடந்த ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. மேற்கு வங்காளத்தில் லட்லோ என்ற சணல் ஆலையில் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும், அவருடன் ராய், மித்ரா என்ற இருவரும் 213 பேரை ஆராய்ந்து 1956இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவர், தறி ஓட்டுபவர், மெக்கானிக், எழுத்தர், மேற்பார்வையாளர் என்று பல தரப்பினரும் அதில் இருந்தார்கள். ஆலையை ஒட்டிய கடைவீதியில் நாள் முழுதும் உட்கார்ந்து வியாபாரம் செய்த கடைக்காரர்களும் இருந்தார்கள்.

ஒவ்வொருவரும் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை இருக்கிறார் என்று கணக்கெடுத்தார்கள். மிதமான வேலை முதல் கடுமையான வேலை வரை செய்தவர்களிடம் கணக்கு நேராக இருந்தது. வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, உடல் எடை கூடவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்களிடம்தான் கணக்கு தலைகீழானது. வேலை குறைந்ததற்கு ஏற்பச் சாப்பாடு குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை, கூடியது. மூட்டை தூக்குபவருக்கு இணையாகக் கடைக்காரர் சாப்பிட்டார். எடையில் அவரைவிட வெகுவாக முந்தி நின்றார்.

உடம்பு ஓரளவு உழைத்தால்தான் பசி தன் அளவை அறிகிறது என்பதை இந்த ஆராய்ச்சி உணர்த்தியது. லண்டன் மாநகரப் பஸ்களிலும் இதே போன்ற ஒன்றைக் கண்டார்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பிறகு இருவரின் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்தபோது, டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவே பெரிதாக இருந்தது. பனியனுக்கு 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் சைஸ் குறிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கைமுதலும் தேங்கிய சரக்கும்

உடம்பில் இருக்கும் எடை முழுவதும் ஒரே சரக்கு இல்லை. தசை என்பது கைமுதல். நாள்தோறும் சுழன்று வேலை செய்வது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் கிடங்கும் அதுதான். தேவைக்கு மேல் சேர்ந்த கொழுப்பு, குடோனில் தேங்கிய சரக்கைப் போன்றது. இடத்தை அடைத்துக்கொள்ளும், நாள்பட்டால் நஷ்டத்தையும் கொண்டுவரும்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரையுமே உதாரணமாகக் காட்டி ஒரு குறிப்பு எழுதினார்கள். உயரத்துக்கு எடையை ஒப்பிடும் கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். கை கால் மெலிந்தும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருக்கும் நம் உடல்வாகு இதுதான். ஆகவே தராசில் எடை சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து நாம் திருப்தி அடைய முடியாது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது என்பது நம் மக்களுக்கு மருத்துவர்கள் வகுத்திருக்கும் அளவு.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, உழைப்பில்லாத உடம்பில் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அந்த நிலையில் ஒருவர் பயிற்சி எதுவும் இல்லாமல் ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தி 8 கிலோ குறைத்தால், அதில் சுமார் 2 கிலோ வரை தசை முதலிய கொழுப்பில்லாத பகுதியாக இருக்கலாம். தேங்கிய சரக்கைக் கழிக்கப் போய்க் கைமுதலையும் சேர்த்து இழந்த கதை இது. சில மாதங்களில் பழைய சாப்பாடு திரும்பும்போது கொழுப்பு முதலில் வந்து சேர்கிறது. தசை அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

தசையைக் காப்பாற்றும் வழி, அதற்கு வேலை கொடுப்பது. எடை தூக்கும் பயிற்சியின் முதல் பயன் இதுவே. 25 நிமிடப் பயிற்சியில் செலவாவது 100 முதல் 150 கலோரிதான். இரண்டு பஜ்ஜியில் அது திரும்ப வந்துவிடும். கொழுப்பைக் குறைப்பது சாப்பாட்டுக் கட்டுப்பாடு. குறைவது கொழுப்பாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது எடைப் பயிற்சி. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

நடைப்பயிற்சி செய்பவர்கள் அதை விட வேண்டாம். இதயத்துக்கு அது நல்லது. உலக சுகாதார அமைப்பு 2020இல் தந்த வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சியும், அதோடு வாரம் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம்மில் பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

வயது ஒரு தடையா?

ஐம்பத்தைந்து வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரை இருந்த 10 பேருக்கு, மருத்துவர்கள் முன்னிலையில் எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1990இல் வெளியான முடிவு இது. தொண்ணூறு வயதில் வளரும் வலு ஐம்பத்தைந்தில் வளராமல் போகாது.

நமக்கு இது புதிதும் இல்லை. இளவட்டக்கல்லைத் தூக்கி ஆண்மையை நிரூபித்த கிராமங்கள் நம்முடையவை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று ஊருக்கு ஒரு தேகப்பயிற்சிச் சாலை இருந்த காலமும் உண்டு. விட்டுப்போன பழக்கத்தைத் திரும்ப எடுக்கிறோம், அவ்வளவுதான்.

பழைய எடைக்கல் போதும்

ஜிம்முக்குப் போக நேரமும் மனமும் உள்ளவர்கள் போகலாம். முடியாதவர்களுக்குக் கடையிலேயே சாமான் இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு 2 கிலோ, 5 கிலோ, 10 கிலோ இரும்பு எடைக்கற்கள் பல கடைகளில் மூலையில் கிடக்கின்றன. முத்திரை காலாவதியான கல்லை வியாபாரத்துக்கு வைத்தால் அபராதம். உடற்பயிற்சிக்கு வைத்தால் எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. கல் இல்லாதவர்கள் கைப்பிடி உள்ள துணிப்பையில் சர்க்கரையோ உப்போ அளந்து போட்டுக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ஆறு பயிற்சிகள் போதும்.

1. உட்கார்ந்து எழுதல். உறுதியான ஸ்டூல் முன் நின்று, கையை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழ வேண்டும். முழங்கால் உட்புறம் மடங்கக் கூடாது. சுலபமானதும் 5 கிலோ கல்லை நெஞ்சோடு அணைத்துச் செய்யலாம்.

2. தண்டால். முதல் மாதம் சுவரில் கை ஊன்றி. பிறகு அசையாத கல்லா மேஜையில். அதன் பிறகே தரையில். தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே நேராக இருக்க வேண்டும்.

3. குனிந்து எடுத்தல். இரண்டு பாதங்களுக்கு நடுவே, ஒரு பெட்டி மேல் 10 கிலோ பையை வைத்துக்கொள்ள வேண்டும். முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைச் சற்று மடக்கிப் பிடித்து, கால் வலுவால் நிமிர வேண்டும்.

4. இழுத்தல். இடது கையை மேஜையில் ஊன்றி முன்னால் சாய்ந்து, வலது கையில் கல்லைத் தொங்கவிட்டு இடுப்புவரை இழுக்க வேண்டும். பிறகு கை மாற்ற வேண்டும். கூன் விழுந்து பில் போடும் முதுகுக்கு இது மிகவும் நல்லது.

5. மேலே தூக்குதல். தோள் உயரத்திலிருந்து 2 கிலோ கல்லைத் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். தோள்வலி உள்ளவர்கள் வலிக்காத உயரம்வரை மட்டும் செய்யலாம்.

6. சுமந்து நடத்தல். இரு கையிலும் சமமாக 5 கிலோ பை பிடித்து, நிமிர்ந்து, குடோனின் நீளத்துக்கு 40 அடி போய்த் திரும்ப வேண்டும்.

முதல் ஐந்தையும் 8 முதல் 12 தடவை செய்ய வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. ஆறும் முடிந்தால் ஒரு சுற்று. இரண்டு சுற்று போதும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற தெம்பு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மறுநாள் தசையில் லேசான வலி இருப்பது இயல்பு. மூட்டில் வலித்தால் எடையைக் குறைக்க வேண்டும்.

12 தடவை இரண்டு முறை தொடர்ந்து சுலபமாக முடிந்தால் எடையைக் கொஞ்சம் கூட்டலாம். வட்டிக்கு வட்டி போல இது மெதுவாகத்தான் ஏறும். முதல் வாரமே 20 கிலோ கல்லைத் தூக்கிக் காட்டுபவர், இரண்டாம் வாரம் இடுப்பில் கை வைத்து நிற்பார்.

எந்த நாளில், எந்த நேரத்தில்?

நம் ஊரில் பெரும்பாலும் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று மாலையும் ஞாயிறும் மளிகைக் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. எனவே திங்கள், வியாழன் என்று இரண்டு நாளில் தொடங்கலாம். இரண்டு மாதம் பழகிய பிறகு திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாளாக்கலாம். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். தசை வளர்வது ஓய்வில்தான். காலையில் கடை திறக்கும் முன்போ, கூட்டம் ஓய்ந்த பிற்பகல் மூன்றரை மணிக்கோ 25 நிமிடம் ஒதுக்கலாம். சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம்.

மூட்டை தூக்குகிறோமே, போதாதா?

தாமே சரக்கு இறக்கும் சிறு வியாபாரிகள் இதைக் கேட்பது நியாயம். ஆனால் அவசரத்தில், வளைந்த முதுகோடு, எப்போதும் ஒரே தோளில் தூக்குவது பயிற்சி ஆகாது, தேய்மானம்தான். தாத்தா காலத்து 100 கிலோ மூட்டை இப்போது குறைந்துவிட்டது. ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் பிறந்த கதை நமக்குத் தெரியும். 26 கிலோவானாலும், உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துத் தூக்கினால் முதுகுக்கு அது பெரும் பாரம். மேலே சொன்ன மூன்றாவது பயிற்சியைப் பழகியவர் மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கக் கற்றுக்கொள்கிறார். கடைப் பையன்களுக்கும் சுமைத் தொழிலாளர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் முதுகும் பிழைக்கும்.

வீட்டுப் பெண்கள் பலர் கடையையும் கவனிக்கிறார்கள். எடை தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். பெண்களின் உடல்வாகில் அவ்வாறு ஆகாது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்வதைக் குறைக்கவும் இந்தப் பயிற்சி உதவுகிறது.

சாப்பாட்டுக் கணக்கு

சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது. எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்பதுதான் கேள்வி.

குறைக்க வேண்டியதில் முதலாவது டீச் சர்க்கரை. ஒரு டீக்கு 2 ஸ்பூன், அதாவது 10 கிராம், 40 கலோரி. ஏஜெண்ட் வந்தால் ஒன்று, லாரி வந்தால் ஒன்று என்று நாளைக்கு ஆறு டீ என்றால் சர்க்கரையில் மட்டும் 240 கலோரி. மாதத்துக்கு 7,200. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. கூட வரும் வடை, போண்டா தனிக் கணக்கு. டீயைச் சர்க்கரை இல்லாமல் மூன்றாகக் குறைத்தாலே ஒரு நல்ல தொடக்கம். இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டுப் படுப்பதையும் விட வேண்டும்.

கூட்ட வேண்டியது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு நாள் ஒன்றுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. எடைப் பயிற்சி செய்து உடம்பைக் குறைப்பவருக்கு 1.2 கிராமாவது வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 84 கிராம். பருப்போ கொள்ளோ 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம், முட்டை இரண்டில் 12, பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16, சுண்டலுக்கு 50 கிராம் கடலையில் 10, நிலக்கடலை ஒரு கைப்பிடியில் 7. மீதி அரிசியிலும் ராகியிலும் வந்துவிடும். அசைவம் சாப்பிடுபவருக்கு இன்னும் சுலபம். அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் நம் அரிசிம்பருப்பில் பருப்பின் பங்கை இரட்டிப்பாக்கினாலே பாதி வேலை முடிந்தது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் மருந்து இல்லை. புரதமும் நாரும் நிறைந்திருப்பதால் வயிறு நிறைகிறது, பசி தாங்குகிறது; அதுவே அதன் பலன். பத்தே நாளில் தொப்பை கரையும் என்று பவுடரும் பெல்ட்டும் விற்க வருபவர்களிடம் நாமும் வாங்க வேண்டாம், நம் கடையிலும் வைக்க வேண்டாம். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறைக்கும் வழி கிடையாது. உடம்பு முழுதும் குறையும்போது வயிறும் குறையும்.

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத் தட்டு விலகல், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே நிறுத்திச் சர்க்கரை சாப்பிட வேண்டும். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல் வந்தால் சமாளித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இருப்புக் கணக்கு

ஸ்டாக் எடுக்காத கடையில் நஷ்டம் தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றோடு, தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளலாம். எடையும் பார்க்கலாம், வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். தசை கூடிக் கொழுப்பு குறையும்போது தராசு அசையாமல் நிற்கும் வாரங்களும் வரும். அப்போது டேப்பை நம்ப வேண்டும். எத்தனை கிலோ கல்லை எத்தனை தடவை தூக்கினோம் என்பதையும் அதே நோட்டில் எழுதினால், மூன்று மாதத்தில் வளர்ச்சி எழுத்தில் தெரியும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் வரைய வேண்டும். இந்த வாரம் ஒவ்வொருவரும் இரண்டு காரியம் செய்யலாம். முதலில், ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்துகொள்வோம். 90ஐத் தாண்டியிருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்வோம். பிறகு வரும் திங்கட்கிழமை, மூலையில் கிடக்கும் எடைக்கல்லைத் துடைத்து வெளியே எடுப்போம்.